அத்திரம்பாக்கமும் துறை எல்லையும்

ஒரு துறையுள் அடங்கியோன் புதியது காணான், பல துறை பயின்றோனே காண்பான் என்னும் கருத்து இன்று ஆய்வுலகிற் பெருவழக்காயுள்ளது. அதற்கு இராபர்ட் புரூசு பூட் என்பாரைச் சான்று காட்டுவோர் உளர். நிலவியலாளராகிய அவர் 1863 மே 30-இல் பல்லாவரத்திற் கற்கோடரி ஒன்றைக் கண்டெடுத்தார். அவ்வாண்டிலேயே ஆவடிக்கு வடமேற்கே, கொற்றலையாற்றை அடுத்த அத்திரம்பாக்கமும் அறியப்பட்டது. இச்சான்று அக்கருத்தை நிறுவாது என்பதே எம் துணிபு.

பல்லாவரத்துக் கோடரி செம்புரைக்கற் பரலுள் கிடந்தது. அப்பரலின் இயல்பைத் தம் தொழிலால் நன்கறிந்த கண்ணுக்கே, மனிதன் செதுக்கிய கல் வேறாகத் தோன்றியிருத்தல் கூடும். பிரான்சு நாட்டுச் சோம் ஆற்றுப் படுகைக் கருவிகள் பற்றி 1859 முதற் பரவிய செய்திக்கு அவர் செவிகொடுத்ததும் உண்மையே. ஆயினும் செவி வேறு, கண் வேறு.

பின்னர் நிகழ்ந்தது இதனினும் தெளிவு. 1999 முதல் அத்திரம்பாக்கத்தை அகழ்ந்த சாந்தி பப்பு குழுவினர், அங்குள்ள தொன்மையான கருவிகளின் காலம் ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டு என 2011-இல் வெளியிட்டனர். புதையுண்ட கற்களில் அண்டக்கதிர் விளைத்த அலுமினிய, பெரிலிய அணுக்களை அளத்தலும், மண்ணில் உறைந்த பழங்காந்தத் திசையை அறிதலும் அவ்வத்துறையில் ஆழ்ந்தோர் செய்தவை. எவ்வடுக்கில் எக்கல் என்று காட்டியது அகழ்வாளர் கை.

நம் மாணவர் சிலரோ திணையையும் சூழலியலையும் இணைக்கப் புகுந்து, பாடவேறுபாடும் நோக்காது, செடியும் அறியாது ஏடு நிரப்புகின்றனர். (அத்தகையவற்றுக்கு யாமும் தேர்ச்சி வழங்கியுள்ளோம்.) பாலைத்திணை ஓமை எம்மரம் என வினவத் தாவரவியலாரிடம் செல்வோன், அச்சொல் பயின்ற இடமனைத்தும் தொகுத்துக் கையிற்கொண்டு செல்க.