கூப்பிடும் பெயர்

ஒரு சின்னச் சோதனை. டிராப்பாக்ஸில் உங்கள் சொந்தக் கணக்கில் யாருடனாவது பகிர்ந்துகொண்ட ஃபோல்டரின் பெயரை மாற்றுங்கள். பிறகு அவருக்கு போன் போட்டு, ‘உங்க பக்கம் என்ன பேர் தெரியுது?’ என்று கேளுங்கள். பழைய பெயரைத்தான் சொல்வார். இதையே கூகுள் டிரைவில் செய்தால், அந்த ஃபோல்டரைப் பார்க்கும் அத்தனை பேருக்கும் பெயர் மாறிவிடும்.

எது சரி?

2008-ல் வெளிவந்த டிராப்பாக்ஸ் பக்கம் ஒரு நியாயம் இருக்கிறது. பகிர்ந்த ஃபோல்டர் ஒன்றேதான். பெயர் அவரவர் ஒட்டிக்கொள்ளும் சீட்டு. இது எழுபதுகளின் யூனிக்ஸிலேயே இருந்த யோசனை. அதில் ஃபைலுக்கு உள்ளுக்குள் ஒரு எண்தான். பெயர், அதை வைத்திருக்கும் டைரக்டரியில் எழுதியிருக்கும். எனவே ஒரே ஃபைலுக்கு இரண்டு இடத்தில் இரண்டு பெயர் சாத்தியம். நம் வீட்டுப் பிள்ளைகள் மாதிரி. பாட்டிக்கு ‘ராசா’, ரேஷன் கார்டில் செந்தில்குமார். ஆள் ஒருத்தன்தான்.

2012-ல் வந்த கூகுள் டிரைவ், ரேஷன் கார்டு கட்சி. பொருளுக்கு ஒரு பெயர். திருத்தும் உரிமை உள்ள யார் மாற்றினாலும் எல்லாருக்கும் மாறும். தனக்கு மட்டும் செல்லப்பெயர் வேண்டுமென்றால் ஒரு ஷார்ட்கட் போட்டு, அதற்கு வைத்துக்கொள்ளலாம்.

இதெல்லாம் எப்போது உறைக்கும்? அப்பாவின் வீட்டுப் பத்திரம், வில்லங்கச் சான்றிதழ் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து நீங்களும் தங்கையும் டிராப்பாக்ஸில் பகிர்ந்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வங்கியில் அவள் உட்கார்ந்திருக்கிறாள். மேனேஜர் காத்திருக்கிறார்.

‘‘வீட்டுப் பத்திரம்னு ஒரு ஃபோல்டர் இருக்கும் பாரு.’’

‘‘அப்படி எதுவுமே இல்லண்ணா. அழிச்சிட்டியா?’’

நீங்கள் அழிக்கவில்லை. போன மாதம் பெயர் மாற்றினீர்கள். அவளுக்கு அது இன்னும் ‘நியூ ஃபோல்டர் 3’. இரண்டு பேரும் உண்மைதான் சொல்கிறார்கள். சண்டைக்கு அது போதாதா?

இன்னொரு வேடிக்கையும் உண்டு. அதே ஃபோல்டருக்குள் இருக்கும் சின்ன ஃபோல்டரின் பெயரை மாற்றினால், டிராப்பாக்ஸிலும் எல்லாருக்கும் மாறும்! வெளிக்கதவில் உங்கள் இஷ்டம். உள்ளே எல்லாம் பொதுச்சொத்து. எஞ்சினீயருக்கு இது தர்க்கம். நமக்கு? கம்ப்யூட்டரில் இரண்டுக்கும் அதே எஃப்2, அதே சின்னக் கட்டம். எது வீட்டுக்குள் கூப்பிடுவது, எது ஊருக்குச் சொல்வது என்று அந்தக் கட்டம் சொல்வதில்லை. என் புகார் அதுதான்.

என்னைக் கேட்டால், பகிர்ந்த பொருளுக்குப் பொதுப்பெயர் ஒன்று கட்டாயம் வேண்டும். நாலு பேர் பேசிக்கொள்ளத்தானே பெயர்? செல்லப்பெயர் வேண்டுமானால் பக்கத்தில் வைத்துக்கொள்ளட்டும். ‘இது உங்களுக்கு மட்டும்’, ‘இது எல்லாருக்கும் மாறும்’ என்று ஒரு வரி காட்டுவது பெரிய வித்தையும் அல்ல.

மனிதர்கள் பெயர் மாற்றினால் அரசிதழில் வெளியிடச் சொல்கிறார்கள். வெட்டி வேலை என்று நினைத்திருக்கிறேன். இல்லை. பெயர் நம்முடையதுதான், ஆனால் கூப்பிடப் போவது மற்றவர்கள்.

எனவே அடுத்த முறை ஃபோல்டருக்குப் பெயர் சூட்டினால், தங்கைக்கு ஒரு மெசேஜ் தட்டிவிடுங்கள். அதுதான் உங்கள் அரசிதழ்.