பழைய பாட்டும் தாழ்ந்த குரலும்

சங்கீதப் புத்தகத்தை ஊன்றிக் கற்போர் ஒன்றைக் கவனித்திருப்பர். 40-ஆம் சங்கீதத்தின் இறுதி ஐந்து வசனங்கள், சிற்சில சொல்மாற்றங்களுடன், 70-ஆம் சங்கீதமாகத் தனித்து நிற்கின்றன. 14-ஆம் சங்கீதம், கடவுளைக் குறிக்கும் பெயர் மாற்றப்பெற்று, 53-ஆம் சங்கீதமாக மீண்டும் வருகிறது. 57, 60 ஆகிய இரு விண்ணப்பங்களின் பின்பகுதிகள் இணைந்து 108-ஆம் சங்கீதமாயின. பழைய பாட்டை எடுத்து, குறைத்து, வேறு சூழலில் வைத்துப் பாடுவது இஸ்ரவேலின் வழிபாட்டிற்குப் புதிதன்று. ஆகவே, ஒரு ராக் இசைக்குழு தன் பழைய பாடல்களைத் திருத்திப் பாடியது முறையா என்று கேட்பதைவிட, திருத்தியதால் அப்பாடல்கள் இப்பொழுது என்ன சொல்லுகின்றன என்று கேட்பதே நமக்குப் பயன் தரும்.

நாம் குறிப்பிடுவது அயர்லாந்து நாட்டின் 'யூ டூ' என்னும் குழுவினர் 2023 மார்ச்சில் வெளியிட்ட 'சாங்ஸ் ஆஃப் சரண்டர்' என்னும் தொகுப்பையே. ஒப்புக்கொடுத்தலின் பாடல்கள் என்று அதனை நாம் பெயர்க்கலாம். 1976-இல் டப்ளின் நகரத்துப் பள்ளி மாணவர்களாய் இருந்தபோது கூடிய போனோ, எட்ஜ், ஆடம் கிளேட்டன், லாரி மல்லன் என்னும் நால்வரே இன்றும் இக்குழுவினர். தங்கள் நெடுங்காலப் பாடல்களிலிருந்து நாற்பதைத் தெரிந்தெடுத்து, மின்கிட்டாரின் முழக்கத்தையும் டிரம்மின் அதிர்வையும் பெரும்பாலும் நீக்கி, பியானோ, சாதாரணக் கிட்டார், செல்லோ போன்றவற்றின் துணையோடு மறுபடியும் பதிவு செய்துள்ளனர். முந்திய ஆண்டில் போனோ வெளியிட்ட தன்வரலாறும் நாற்பது பாடல்களின் பெயரால் நாற்பது அதிகாரங்களாக அமைந்தது.

'ஒப்புக்கொடுத்தல்' என்னும் சொல் இவர்கள் வாழ்வில் ஒருமுறை கடுமையான பொருளில் எழுந்ததுண்டு. 1980-களின் தொடக்கத்தில், கிளேட்டன் நீங்கலாக மற்ற மூவரும் டப்ளினில் 'ஷாலோம்' என்னும் ஐக்கியத்தில் பங்குகொண்டிருந்தனர். ராக் இசையும் விசுவாச வாழ்வும் ஒன்றாகச் செல்லுமா என்ற கேள்வி அங்கே எழுந்தது; இசையையே விட்டுவிட வேண்டுமோ என்று எட்ஜ் உள்ளிட்டோர் தடுமாறினர். முடிவில் ஐக்கியத்தைவிட்டு விலகினர், இசையை விடவில்லை. அன்று கீழே வைக்க மறுத்த மின்கிட்டாரை, நாற்பது ஆண்டுகளுக்குப்பின், எவரும் கேளாமலே எட்ஜ் பெரும்பாலும் கீழே வைத்திருக்கிறார். இத்தொகுப்பின் தயாரிப்பாளரும் அவரே.

முழக்கம் பொய், மென்குரலே மெய் என்றோர் எண்ணம் இசையுலகில் பரவலாக உண்டு. எரிக் கிளாப்டன் 1992-இல் இம்முறையில் பாடிப் புகழ்பெற்றதுமுதல், முதுமையெய்திய கலைஞர் பலர் இவ்வழியை நாடினர். இவ்வெண்ணத்தை நாம் ஏற்கத் தயங்குகிறோம். எலியா அமர்ந்த மெல்லிய சத்தத்தைக் கேட்டான் என்பது உண்மையே. ஆயின் 150-ஆம் சங்கீதம் ஓசையுள்ள கைத்தாளங்களையும் கேட்கிறது. மென்மை தன்னளவில் உண்மைக்குச் சான்றாகாது. 'வேர் த ஸ்ட்ரீட்ஸ் ஹாவ் நோ நேம்' என்ற 1987-ஆம் ஆண்டுப் பாடலில், குரல் எழுமுன் ஏறத்தாழ இரண்டு நிமிடங்கள் ஆர்கனும் கிட்டாரும் படிப்படியாக உயர்ந்துகொண்டே செல்லும். ஆரோகண சங்கீதத்தைப் பாடிக்கொண்டு மலையேறுபவனின் மூச்சு அதில் இருந்தது. புதிய பதிவில் அந்த ஏற்றம் இல்லை. சென்று சேரும் இடம் மட்டும் நமக்குக் காட்டப்படுகிறது, வழி போயிற்று. 'பியூட்டிஃபுல் டே'யும் அவ்வாறே இழந்ததே மிகுதி. நாற்பதையும் ஒரே அமர்வில் கேட்பவர்க்கு ஒரே தாழ்குரல், ஒரே நிதானம் என்று சலிப்பு வருவதும் இயல்பே. தட்டுகள் நான்கிற்கும் நால்வர் பெயரும் இடப்பட்டிருப்பினும், கிளேட்டன், மல்லன் ஆகிய இருவரின் கைத்திறன் அவற்றில் மிகக் குறைவாகவே கேட்கிறது.

வாலிபத்தின் பாடல்களோ வேறுவகை. 'அவுட் ஆஃப் கன்ட்ரோல்' போனோ பதினெட்டு வயதை எட்டியபோது பிறந்தது. பிறப்பும் இறப்பும் தன் கையில் இல்லை என்று அன்று கொதித்த இளைஞனின் சொற்களை அறுபது கடந்தவர் பாடும்போது, கொதிப்பு அடங்கி, ஒருவகை ஒப்புதல் தெரிகிறது. 'ஐ வில் ஃபாலோ' 1974-இல், பதினான்காம் வயதில், தாயை இழந்த மகனின் பாட்டு. பழைய பதிவில் அவன் ஓடிக்கொண்டே இருந்தான். இப்போது நின்று பேசுகிறான். இவ்விடங்களில் தொகுப்பின் தலைப்பு தன் பொருளைப் பெறுகிறது.

இறையியல் மாணவர் நின்று ஆராய வேண்டியது 'சண்டே பிளடி சண்டே'யே. 1972 ஜனவரி 30 அன்று வட அயர்லாந்தின் டெரி நகரில், குடியுரிமை கோரி ஊர்வலம் சென்றோர்மீது பிரித்தானியப் படையினர் சுட்டதில் பதின்மூவர் அன்றே மாண்டனர். 1983-இல் வெளிவந்த அப்பாடலில் மல்லனின் டிரம் படைநடையின் ஓசையை எழுப்பியது. பாடலோ வன்முறையை மறுத்தது. இறுதியில், இயேசு பெற்ற வெற்றியைப் பற்றிக்கொள்ளும் மெய்யான போர் இனித்தான் என்று அது அழைத்தது. புதிய பதிவில் படைநடை நீங்கிற்று. அதனினும் பெரிதாக, அழைப்பு கேள்வியாக மாறிற்று: அவ்வெற்றி எங்கே என்று பாடகர் கேட்கிறார். சமயம் பரிசுத்த ஆவிக்குப் பகையாகிவிட்டது என்றும் சாடுகிறார்.

இதனை விசுவாசத் தளர்ச்சி என்று கொள்வோர் இருக்கலாம். நாம் அவ்வாறு கருதவில்லை. அறிக்கையிலிருந்து புலம்பலுக்குச் செல்வது வீழ்ச்சியென்றால், 40-ஆம் சங்கீதமும் வீழ்ச்சியே. அதுவும் குழியிலிருந்து தூக்கப்பட்டதற்கு நன்றி கூறித் தொடங்கி, எண்ணிமுடியாத தீமைகள் சூழ்ந்தனவென்று கதறி, தாமதியாதேயும் என்ற வேண்டுதலோடு முடிகிறது. ஆயினும் ஒரு குறையுண்டு. பழைய பாடலின் கேள்விகள் ஓர் ஊரின் தெருவில் கிடந்த பிணங்களின் நடுவே எழுந்தவை. புதிய சொற்கள் தொலைக்காட்சியையும் பொதுவான பொய்மையையும் சாடும்போது, டெரியின் தெரு மங்கிவிடுகிறது. அத்தெருவிற்கு நீதி வர எத்தனை ஆண்டுகள் சென்றன! கொல்லப்பட்டோர் குற்றமற்றவர் என்று அரசு நாடாளுமன்றத்தில் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது 2010-இல்தான். அச்செய்தியை அறிந்தவர் எழுதும் புதுச்சரணத்தில் அதன் சாயல்கூட இல்லாதது வியப்பளிக்கிறது.

'வாக் ஆன்' மற்றொரு பாடம் புகட்டுகிறது. 2000-இல் அது பர்மாவில் காவலில் இருந்த ஆங் சான் சூ கீயை மனத்திற்கொண்டு எழுதப்பட்டது. 2017-இல் ரோஹிங்கியா மக்கள் விரட்டப்பட்டபோது அவர் வாளாவிருந்தமை அப்பாடலைப் பாடியோரை நாணச்செய்தது. இப்பொழுது அதே பாடல் உக்ரேனுக்காகச் சொல்மாற்றம் பெற்றுள்ளது. வாழும் மனிதர்மீது பாட்டைக் கட்டினால் பாட்டும் அவரோடு சாயும் என்பது தெரிந்தும், மற்றொரு போர்க்களத் தலைவரின் நிழலிலேயே அது மீண்டும் வைக்கப்பட்டிருக்கிறது.

எவை விடப்பட்டன என்பதும் கருதத்தக்கது. எல் சால்வடோரில் அமெரிக்கத் தலையீட்டைக் கண்டித்த 'புல்லட் த ப்ளூ ஸ்கை' இந்த நாற்பதில் இல்லை. அதனை மென்குரலில் பாட இயலாது போலும். அவ்வாறாயின், மென்குரலுக்குள் அடங்காத தீர்க்கதரிசனமும் உண்டு என்பதை அவர்களே ஒப்புக்கொண்டதாகக் கொள்ளலாம். அதே 2023-இன் செப்டம்பரில் இக்குழுவினர், உடல்நலம் காரணமாக மல்லன் இல்லாமல், லாஸ் வேகாஸ் நகரின் 'ஸ்ஃபியர்' அரங்கில் தம் இசைநிகழ்ச்சிகளைத் தொடங்கினர். மண்டபத்தையே சூழும் ஒளித்திரையின்கீழ், அடுத்த மார்ச் வரை, நாற்பது நிகழ்ச்சிகள். எளிமையின் வேடம் ஒரு பருவத்திற்குரியது என்று எவரேனும் நகைத்தால் அவரை நாம் குறைகூற முடியாது.

தொகுப்பின் இறுதியில் நிற்பது '40'. இது 1983-ஆம் ஆண்டு 'வார்' தொகுப்பிற்காக, கிளேட்டன் பதிவறையைவிட்டுச் சென்றபின் எட்ஜ் அவர் கருவியையும் வாசிக்க, அவசரமாய் உருவானது. முதல் மூன்று வசனங்களே அதன் உடல். பல்லவியில் வரும் 'எதுவரைக்கும்' என்ற கேள்வி 40-ஆம் சங்கீதத்தில் இல்லை. அது 6-ஆம் சங்கீதத்தினது. நன்றிப் பாட்டோடு புலம்பலை இணைத்த அந்த இளைஞரின் உள்ளுணர்வு, அறிந்தோ அறியாமலோ, சங்கீதக்காரனின் உள்ளுணர்வே. 1980-களின் மேடைகளில் இப்பாடலோடு நிகழ்ச்சி முடியும். ஒருவர்பின் ஒருவராகக் குழுவினர் மேடையைவிட்டு இறங்குவர். ஆயிரக்கணக்கானோர் அந்தக் கேள்வியைப் பாடிக்கொண்டே வெளியே செல்வர். புதிய பதிவில் அச்சபை இல்லை. ஒரு மனிதன் தன் அறையில் பாடுகிறான். காதில் கருவியை மாட்டிய மற்றொரு மனிதன் கேட்கிறான். பாடலின் சொல் மாறியதைவிட இதுவே பெரிய மாற்றம் என்பது நம் கருத்து. வழிபாட்டியல் பயிலும் மாணவர் 1983-ஆம் ஆண்டுப் பதிவை முதலிலும், மேடைப் பதிவை அடுத்தும், இதனை மூன்றாவதாகவும், 70-ஆம் சங்கீதத்தைத் திறந்துவைத்துக்கொண்டு கேட்பாராக.