இழுத்தடித்த அணி கொடுத்த விலை

அமெரிக்கக் கால்பந்தில் குவார்ட்டர்பேக் கையில் பந்து போன பிறகுதான் தாக்குதலே ஆரம்பமாகிறது. அந்த இடத்துக்கு நம்பகமான ஆள் கிடைத்த பின் ஒப்பந்த நீட்டிப்பை இழுத்தடிக்கும் அணிக்குக் காசும் மிஞ்சாது, பேரத்தில் இருந்த பிடியும் நழுவிவிடும். டல்லாஸ் கவ்பாய்ஸ் அணி டாக் பிரெஸ்காட்டிடம் கற்ற பாடம் இதுதான். கல்லூரி வீரர்களை அணிகள் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 2016-ல் நான்காம் சுற்றில், 135-வது ஆளாக எடுக்கப்பட்டவர் அவர். இந்த அணிகள் ஆடும் லீக்கான என்.எஃப்.எல். விதிப்படி மூன்று சீசன் முடிந்ததும் புது ஒப்பந்தம் பேசலாம். அதே டிராஃப்டில் முதல் இரண்டு இடங்களில் வந்த ஜாரெட் காஃப் 13.4 கோடி டாலருக்கும், கார்சன் வென்ட்ஸ் 12.8 கோடிக்கும் 2019-லேயே நான்காண்டு நீட்டிப்பு பெற்றுவிட்டார்கள். டல்லாஸ் மட்டும் காத்திருந்தது.

2020-ல் வீரரை ஓராண்டுச் சம்பளத்தில் கட்டிப்போடும் ஃபிரான்சைஸ் டேக்கைப் போட்டார்கள். அதற்கே 3.14 கோடி. அணி ஐந்தாண்டு கேட்டது, பிரெஸ்காட் நான்குக்கு மேல் சம்மதிக்கவில்லை. பேச்சு முறிந்ததே இந்த ஓராண்டு வித்தியாசத்தில்தான். அணிகளின் சம்பள உச்சவரம்பு 2016-ல் 15.5 கோடி, 2024-ல் 25.5 கோடி. ஓராண்டு முன்னதாகச் சந்தைக்குத் திரும்புகிறவர் உயர்ந்த வரம்பை வைத்து விலை பேசலாம். 2020 அக்டோபரில் பிரெஸ்காட்டின் கணுக்கால் முறிந்தது. அப்படியும் ஐந்தே மாதத்தில் நான்காண்டுக்கு 16 கோடி தந்தார்கள். தொகையைவிட முக்கியம் அதில் இருந்த இரண்டு நிபந்தனைகள்: அவர் சம்மதமின்றி வேறு அணிக்கு மாற்றக் கூடாது, மறுபடி டேக் போடக் கூடாது. 2024-ல் அணியின் இரண்டு கைகளையும் கட்டியது இவைதான். சீசனில் அணியின் முதல் ஆட்டத்தன்று, செப்டம்பர் 8-ல், நான்காண்டுக்கு 24 கோடி என்று கையெழுத்தானது. அதில் 23.1 கோடி உத்தரவாதத் தொகை.

முந்திக் கையெழுத்திட்டால் மட்டும் ஆபத்தில்லையா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 2021 தொடக்கத்தில் காஃபை ராம்ஸும் வென்ட்ஸை ஈகிள்ஸும் வேறு அணிகளுக்கு மாற்றிவிட்டன. வென்ட்ஸுக்காக 3 கோடிக்கு மேல் ஈகிள்ஸ் வரம்பில் வீணானது. ஆனால் ராம்ஸ் அடுத்த சீசனிலேயே மாத்யூ ஸ்டாஃபர்டை வைத்து சூப்பர் பௌல் வென்றது. ஈகிள்ஸோ பட்ட பிறகும் பயந்து ஒதுங்கவில்லை. ஜேலன் ஹர்ட்ஸுக்கு மூன்று சீசன் முடிந்ததும், 2023 ஏப்ரலில், ஐந்தாண்டுக்கு 25.5 கோடி கொடுத்து, 2025 பிப்ரவரியில் கோப்பையைத் தூக்கியது. தவறான ஆளுக்குக் கொடுத்த ஒப்பந்தத்திலிருந்து வெளியே வர வழி இருந்தது. சரியான ஆளுக்குத் தாமதமாகக் கொடுத்ததற்கு டல்லாஸிடம் எந்த வழியும் இருக்கவில்லை.

பிளேஆஃபில் இரண்டே வெற்றி, ஐந்து தோல்வி கண்டவருக்கு இவ்வளவா என்ற ஆதங்கமும் புரிகிறது. ஆனால் இந்தச் சம்பளத்தை அவர் பெற்ற வெற்றிகளுக்கான பரிசாகப் பார்ப்பது பிழை. அவர் போனால் யார் என்பதற்கு அணியிடம் பதில் இல்லை. அந்த வெற்றிடத்துக்குத்தான் விலை. 2023-ல் லீக்கிலேயே அதிகமாக 36 டச்டவுன் பாஸ் போட்டவருக்கு மாற்று எங்கே கிடைக்கும்? 2024-ல் கொடுத்ததில் எனக்குக் குறை இல்லை. 2019-ல் பேசி முடிக்காததே குற்றம். அடுத்த குவார்ட்டர்பேக் விஷயத்திலாவது, மூன்றாவது சீசன் முடிந்த கையோடு டல்லாஸ் நிர்வாகம் பேச உட்கார வேண்டும்.