துக்கத்தை யாரிடம் ஒப்படைப்பது?

நண்பர் ஒருவர் தாம் மொழிபெயர்த்த கட்டுரையைப் படித்துக் கருத்துச் சொல்லும்படி அனுப்பியிருந்தார். தற்கொலையில் உறவை இழந்தவர்களின் துக்கத்துக்கு சைக்கெடெலிக் பொருள்களைக் கொண்டு (சில காளான்களில் இருக்கும் சிலோசைபின், எம்.டி.எம்.ஏ. முதலானவை) சிகிச்சை தருவது பற்றியது. ஓரத்தில் பென்சிலால் ‘உங்க அத்தைய நெனச்சுக்கிட்டே மொழிபெயர்த்தேன்’ என்று எழுதியிருந்தார். அந்த வரி மட்டும் இல்லையென்றால் ‘மேற்கிலிருந்து இன்னொரு சரக்கு’ என்று ஒதுக்கியிருப்பேன். நமது சிறுபத்திரிகைச் சூழலில் அது சுலபமான காரியம்.

அத்தை ராயகிரியில் இருக்கிறாள். 2019இல் அவள் மகன், எனக்கு அத்தான், தற்கொலை செய்துகொண்டான். எலுமிச்சை வியாபாரத்துக்கு வாங்கிய கடன், அதற்கு வட்டி, வட்டிக்கு வட்டி. எப்படிச் செத்தான் என்பதை எழுதப்போவதில்லை; அதை மட்டும் எழுதுவதற்குத் தினசரிகள் இருக்கின்றன. அன்று தெருவில் நடந்ததைச் சொல்ல வேண்டும். போஸ்ட்மார்ட்டம் முடிந்து சாயங்காலம் உடல் வந்தது. பெண்கள் தோளோடு தோள் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். அத்தை ஒப்பாரியில் மகனை அழைத்தாள். பிறகு கடன் கொடுத்தவனைப் பேர் சொல்லி அழைத்தாள். “ஏட்டி, வாயப் பொத்து. போலீஸ் நிக்கான்” என்று அதட்டியவர் என் அப்பா. அவள் மறுபடியும் அந்தப் பேரைச் சொன்னாள். ‘நேரமாவுது’ என்று ஆண்கள் பாடையைத் தூக்கிவிட்டோம். தூக்கியவர்களில் நானும் ஒருவன். பதினாறாம் நாள் காரியமும் பேருக்குத்தான் நடந்தது. துர்மரணமாம். அதற்குப்பின் அத்தை ஒரே வாக்கியத்தைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்: “நாந்தான் எம்புள்ளையக் கொன்னேன்.”

ஃப்ராய்ட் 1917இல் வெளியிட்ட ‘துக்கமும் மனச்சோர்வும்’ கட்டுரையில் ஒரு கவனிப்பு உண்டு. மனச்சோர்வில் விழுந்தவர் தன்மீது சுமத்திக்கொள்ளும் பழிகளை உற்றுக்கேட்டால் அவை உண்மையில் வேறொருவர் மீதான பழிகள், திசை திரும்பித் தன்மேலேயே வந்து விழுந்தவை என்கிறார். அந்த வேறொருவர், ஃப்ராய்டைப் பொறுத்தவரை, இழக்கப்பட்ட அன்புக்குரியவர். குடும்பம் என்ற நான்கு சுவருக்குள் அவர் நின்றுவிடுகிறார். ராயகிரித் தெருவில் பழி திசைமாறிய இடத்தை நானே பார்த்தேன். அது நனவிலிக்குள் மட்டும் நடந்ததல்ல. வெளிச்சத்தில், போலீஸ் நிற்க, ஆண்கள் சேர்ந்து அதைத் திருப்பினோம். ஒப்பாரி வெறும் அழுகையன்று, அது முறையீடு. புகுந்த வீட்டின் அநியாயம், பங்கு கொடுக்காத அண்ணன் தம்பிமாரின் அநியாயம், எல்லாவற்றையும் ஒரு பெண் ஊர் கேட்கச் சொல்வதற்கு அனுமதிக்கப்பட்ட ஒரே வெளி. தற்கொலைச் சாவில் முதலில் மூடப்படுவது அந்த வெளிதான். வழக்குப் பதிவாகும், வாக்குமூலம் வாங்குவார்கள், ‘வயித்துவலி தாங்காம’ என்று யாராவது எழுதிக்கொடுப்பார்கள்.

இப்போது சிகிச்சைக்கு வருகிறேன். அதை நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். சிலோசைபின் சிகிச்சை என்பது மாத்திரையை விழுங்கிவிட்டு வீட்டுக்குப் போவதல்ல. முன்கூட்டியே பல அமர்வுகளில் பேச்சு. பிறகு ஒரு நாள், கண்ணை மறைக்கும் துணி, காதில் இசை, பக்கத்தில் பயிற்சிபெற்ற இருவர், ஆறேழு மணி நேரம். அதன்பிறகும் பேச்சு. ‘நான்’ என்ற இறுக்கம் சற்று நேரம் தளர்ந்து, அணுகமுடியாத நினைவை அணுக முடிகிறது என்பது விளக்கம். 2016இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ், நியூயார்க் பல்கலைக்கழகங்களில் புற்றுநோயாளிகளிடையே நடந்த ஆய்வுகளில் மனச்சோர்வும் சாவு பயமும் கணிசமாகக் குறைந்தன. ஆஸ்திரேலியா 2023 ஜூலை முதல் குறிப்பிட்ட நோய்களுக்கு மனநல மருத்துவர்கள் இதைத் தர அனுமதித்தது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்போ 2024 ஆகஸ்டில் எம்.டி.எம்.ஏ. சிகிச்சைக்கு அனுமதி மறுத்து இன்னொரு ஆய்வு கேட்டது. இந்தியாவில் இவையெல்லாம் 1985 போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வருபவை. (கொடைக்கானலில் திருட்டுத்தனமாகக் காளான் வாங்கித் தின்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. துக்கத்தில் இருப்பவர் தனியாக அப்படிச் செய்வது ஆபத்து.)

மருந்தை நான் எதிர்க்கவில்லை. ஐந்து வருஷமாகத் தூங்காத ஒருத்தியின் முன்னால் நின்று சித்தாந்தம் பேசுவது அயோக்கியத்தனம். என் சந்தேகம் வேறு. மொழிபெயர்ப்புக் கட்டுரையில் ‘குற்றவுணர்விலிருந்து விடுதலை’ என்ற தொடர் திரும்பத் திரும்ப வருகிறது. குற்றவுணர்வு ஒரு அறிகுறியாகவும், அதைக் கரைப்பது குணமாகவும் கட்டமைக்கப்படுகின்றன. குற்றம் எங்கே போயிற்று என்று கட்டுரை கேட்கவில்லை. அமெரிக்க மனநோய்ப் பகுப்பு 2022இல் ‘நீடித்த துக்கம்’ என்பதை நோயாகச் சேர்த்து, பெரியவர்களுக்கு ஒரு வருஷக் கெடு வைத்தது. நம்மூரிலும் தலைத்திவசம் வரைதான் கணக்கு. கெடு வைப்பதில் இரண்டுபேரும் ஒற்றுமை.

ஆகவே ‘இதெல்லாம் நம்ம கொடையிலயே இருக்கு’ என்று கிளம்பும் மண்ணின் மைந்தர்களோடும் என்னால் சேர முடியாது. ஒப்புமை இருக்கத்தான் செய்கிறது. இரவு முழுக்க வில்லுப்பாட்டு, உடுக்கை, தாங்கிப்பிடிக்க ஆட்கள், இறந்தவர் வந்து பேசுவது. அத்தையைக் குறிகேட்கக் கூட்டிப்போனார்கள். மகன் குரலில் ‘அம்மா மேல வருத்தமில்ல’ என்று வந்தது. நாலைந்து நாள் தூங்கினாள். ஒரு பீடம் போட்டு வருஷாவருஷம் படையல் வைக்கச் சொன்னார்கள். கடன் கொடுத்தவனைப் பற்றிக் குறியில் ஒரு வார்த்தை வரவில்லை. நல்லதங்காளையே எடுத்துக்கொள்ளுங்கள். வத்திராயிருப்புக்குப் பக்கம் அர்ச்சுனாபுரத்தில் அவளுக்குக் கோயில் இருக்கிறது. பஞ்சத்தில் ஏழு பிள்ளைகளோடு மாண்டவளின் கதையில் பழி முழுவதையும் சுமப்பவள் அண்ணி மூளி அலங்காரி. பஞ்ச காலத்தில் நெல் யாருடைய பத்தாயத்தில் இருந்தது என்று கதை விசாரிப்பதில்லை. தெய்வமாக்குவதும் ஒருவகையில் வழக்கை முடித்துவைப்பதுதான்.

மேற்கத்திய ஆய்வுகளுக்குள்ளேயே எனக்கு உருப்படியாகப் பட்டது ஒன்று. 2020இல் வெளியான கலிஃபோர்னிய ஆய்வு, எய்ட்ஸ் கொள்ளைநோய்க் காலத்தைத் தாண்டி உயிர்பிழைத்த, வயதான, ஒருபால் ஈர்ப்புள்ள ஆண்கள் 18 பேரிடம் நடத்தப்பட்டது. மருந்தைத் தனித்தனியே எடுத்துக்கொண்டாலும் அதற்கு முன்னும் பின்னும் குழுவாக உட்கார்ந்து பேசினார்கள். அவர்களுடைய துக்கம் தனிமனித துக்கமல்ல, கைவிடப்பட்ட ஒரு கூட்டத்தின் துக்கம். பழியைச் சேர்ந்து சொல்லக்கூடிய ஒரு வட்டம் அது, ஒப்பாரி வட்டம்போல.

2022இல் தமிழ்நாட்டில் 19,834 தற்கொலைகள் என்கிறது தேசியக் குற்ற ஆவணக் காப்பகம். ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு அத்தையாவது இருப்பாள். 2017 அக்டோபர் 23, திங்கட்கிழமை குறைதீர் நாளில், இன்று தென்காசி மாவட்டத்தில் இருக்கும் காசிதர்மத்தைச் சேர்ந்த ஒரு குடும்பம், கந்துவட்டிக் கொடுமையால், நெல்லை ஆட்சியர் அலுவலக வாசலிலேயே உயிரை விடத் துணிந்து மாண்டது. தாய், தகப்பன், இரண்டு பெண் குழந்தைகள். கந்துவட்டித் தடைச் சட்டம் 2003லிருந்தே இருந்தது. யார் காரணம் என்று படம் வரைந்த கார்ட்டூனிஸ்ட் பாலா அடுத்த மாதம் கைது செய்யப்பட்டார். ஒப்பாரியில் பேர் சொன்ன அத்தைக்குக் கிடைத்த அதட்டலும் இந்தக் கைதும் எனக்கு ஒரே சொல்லாடலின் இரண்டு உச்சரிப்புகளாகத் தெரிகின்றன.

2025இல் தமிழ்நாடு சட்டமன்றம் ஒரு சட்டம் நிறைவேற்றியது. கடன் வசூலில் செய்யும் கொடுமையால் கடன் வாங்கியவர் தற்கொலை செய்துகொண்டால், அது தூண்டுதல் குற்றமாகக் கருதப்படும். அத்தானுக்கு அது பின்தேதியில் உதவாது. ஆனாலும் அத்தையிடம் சொன்னேன். நண்பரின் கட்டுரையைப் பற்றியும் சொன்னேன். மருந்தைப் பற்றி விவரமாகக் கேட்டாள். கசக்குமா, எத்தனை நாள் சாப்பிடணும், பக்கத்தில் யார் இருப்பார்கள் என்றெல்லாம். மனநல உதவிக்கு 14416க்கு போன் போடலாம், தமிழில் பேசுவார்கள் என்றேன். நம்பரைக் காலண்டரில் எழுதச் சொன்னாள். “அவங்ககிட்ட அவம் பேரச் சொல்லலாமாய்யா?” என்று கேட்டாள்.

கட்டுரையைப் பத்திரிகையில் போடலாம் என்று நண்பருக்கு எழுதியிருக்கிறேன். அத்தான் இறந்தது தொடர்பாக அத்தையிடம் இதுவரை எவரும் வாக்குமூலம் வாங்கவில்லை. அன்று கையெழுத்துப் போட்டது அப்பா.