மை பூசிய முகங்கள்

தருமபுரத்தில் எங்க தெருவில் டி.வி.யில் ‘சிவாஜி’ (2007) ஓடினால் ஒரு காட்சிக்கு மட்டும் எல்லாரும் கூடிவிடுவோம். பாரி மகளிரின் பெயரைச் சுமந்துகொண்டு அங்கவை, சங்கவை என்று இரண்டு பெண்கள் வருவார்கள். முகம் முழுக்கக் கறுப்பு மை. பார்த்து நாயகன் மிரள வேண்டும், நாம் சிரிக்க வேண்டும். ஒருநாள் என் அக்கா மகள் எழுந்துவிட்டாள்: “ஏன் மாமா, என் நெறந்தானே அது? இதுல சிரிக்க என்ன இருக்கு?”

அதே படத்தில் நாயகனும் வெள்ளையாக ஆவதற்குப் படாதபாடு படுகிறான். இந்த ஆசையை விற்றே வளர்ந்தது 1975இல் வந்த ‘ஃபேர் அண்ட் லவ்லி’. அமெரிக்காவில் ஜார்ஜ் ஃபிளாய்ட் கொலைக்கு எதிராகக் கறுப்பின மக்கள் தெருவில் இறங்கிய 2020இல், பெயரில் ‘ஃபேர்’ போய் ‘க்ளோ’ வந்தது. பேரு மாறிச்சு. விக்கிற சரக்கு மாறிச்சா?

சரி, அது வியாபாரிகள் சமாச்சாரம். ஒடுக்கப்பட்டோர் பக்கம் நின்ற ‘ஜெய் பீம்’ (2021)? இருளர் பெண் செங்கேணியாக நடித்த லிஜோமோள் ஜோஸ் கேரளத்துக்காரர். அவர் உழைப்பில் குறையே இல்லை. ஆனால் அவர் நிறத்தைக் கருக்கித்தான் செங்கேணி ஆக்கினார்கள். சேரியிலும் சிவப்பு உண்டு, அக்கிரகாரத்திலும் கறுப்பு உண்டு. அப்படியிருக்க, ஒடுக்கப்பட்டவள் என்றால் மை பூசு என்பது யார் வகுத்த இலக்கணம்? கறுப்புதான் வேண்டுமென்றால் கறுத்த பெண்ணையே கூப்பிட வேண்டியதுதானே! கேலிக்குப் பூசினாலும் பரிவுக்குப் பூசினாலும் அவளுக்கு அங்கே வேலை கிடையாது.

அக்கா மகளுக்கு நான் அன்றைக்குப் பதில் சொல்லவில்லை. சிரித்தவர்களில் நானும் ஒருத்தன்.