டிப்ஸ்டிக் இல்லாத கார்

மேத்யூ கிராஃபோர்ட் என்ற அமெரிக்கர் எழுதி 2009-ல் வெளிவந்த 'ஷாப் கிளாஸ் அஸ் சோல்கிராஃப்ட்' புத்தகத்தை நான் இரண்டு தவணையில் படித்தேன். முதல் பாதி சென்னையில், ஃபேனுக்குக் கீழே. இரண்டாம் பாதி அறந்தாங்கிக்குப் பக்கத்தில், என் மச்சினன் வீட்டுத் திண்ணையில், கையெல்லாம் கியர் ஆயிலோடு. பக்கம் நூறுக்கு மேல் என் பிரதியில் அங்கங்கே விரல் ரேகைகள் இருக்கின்றன. இரவல் கேட்காதீர்கள்.

கிராஃபோர்ட் சிகாகோ பல்கலைக்கழகத்தில் அரசியல் தத்துவத்தில் பிஎச்.டி. வாங்கியவர். வாஷிங்டனில் ஏ.சி. அறை வேலை கிடைத்தது. சில மாதங்களிலேயே உதறிவிட்டு, ரிச்மண்ட் நகரத்தில் மோட்டார் சைக்கிள் ரிப்பேர் கடை போட்டார். ஏன்? மேஜைக்கு முன்னால் உட்கார்ந்து செய்த வேலையில் தான் என்ன செய்தோம் என்றே தெரியவில்லை, வண்டி ஸ்டார்ட் ஆகிறதா இல்லையா என்பதில் பொய் சொல்ல முடியாது என்கிறார். அமெரிக்கப் பள்ளிகளில் பட்டறைப் பாடத்தை மூடிவிட்டு எல்லா பிள்ளைகளையும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்ததை ஒரு பெரிய இழப்பாகப் பார்க்கிறார். கையால் செய்கிற வேலையில் மூளை இல்லை என்று யார் சொன்னது என்று சண்டைக்கு வருகிறார்.

அருமையான புத்தகம். படித்துவிட்டு எனக்கு ஒரு ஸ்பேனர் வாங்க வேண்டும் போல இருந்தது. ஆபத்து அங்கேதான் ஆரம்பித்தது.

*

மச்சினன் சிங்கப்பூரில் பதினோரு வருஷம் இருந்தவன். வேலை நடந்த இடத்தில் ஒரு விபத்து. இடது கால் முட்டிக்குக் கீழே சரியாக மடங்காது. கிளட்ச் மிதிக்க முடியாது. ஊர் திரும்பியதும் கையிலிருந்த பணத்தில் பழைய ஆட்டோமேட்டிக் கார் ஒன்றை வாங்கினான். ஆட்டோமேட்டிக் என்றால் நமக்கு சோம்பேறிகளின் சொகுசு. அவனுக்கு அது இடது கால். அம்மாவை மாதா மாதம் டாக்டரிடம் அழைத்துப் போவது, புதுக்கோட்டை போய் வருவது, எல்லாம் அதில்தான்.

அந்த கார் வழுக்க ஆரம்பித்தது. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் எஞ்சின் கத்துகிறது, வண்டி நகர யோசிக்கிறது. "மச்சான், நீங்கதான் பேப்பர்ல எல்லாம் எழுதுறீங்களே, என்னன்னு பாருங்க" என்றான். கிராஃபோர்டைப் பாதி படித்திருந்த நான், "நாமே பார்த்துடலாம்" என்றேன்.

ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸ் என்பது என்ன? ஒரு டேபிள் ஃபேனை ஓடவிட்டு, எதிரே இன்னொரு ஃபேனை ப்ளக் செருகாமல் வையுங்கள். முதல் ஃபேனின் காற்றில் இரண்டாவது மெள்ளச் சுற்றும். காற்றுக்குப் பதில் எண்ணெய். அதுதான் டார்க் கன்வெர்ட்டர். அதற்குப் பின்னால் நடுவில் ஒரு சக்கரம், அதைச் சுற்றி வரும் குட்டிச் சக்கரங்கள், எல்லாவற்றையும் வளைத்து ஒரு வளையம். இதில் எதைப் பிடித்து நிறுத்துகிறோம், எதை ஓடவிடுகிறோம் என்பதைப் பொறுத்து கியர் மாறும். பிடித்து நிறுத்துகிற வேலை சின்னச் சின்ன கிளட்ச் பிளேட்டுகளுக்கு. அவற்றை அழுத்துவது எண்ணெயின் அழுத்தம்.

எண்ணெய் எந்த வழியே போக வேண்டும் என்று தீர்மானிப்பது வால்வ் பாடி என்கிற அலுமினியப் பலகை. அதைப் படத்தில் பார்த்தபோது எனக்கு நம்மூர் கண்மாய்தான் ஞாபகம் வந்தது. மடை, வாய்க்கால், கிளை வாய்க்கால். எந்த மடையை எப்போது திறப்பது என்பதைக் கம்ப்யூட்டர் சொல்கிறது. தண்ணீர் குறைந்தால் கடை மடை காயும். எண்ணெய் குறைந்தால் கிளட்ச் வழுக்கும்.

ஆகவே எண்ணெயை மாற்றுவோம் என்று முடிவு செய்தோம். வேப்பமரத்தடியில் ஜாக்கி போட்டு, நான்கு பக்கமும் ஸ்டாண்டு வைத்து (தயவுசெய்து ஜாக்கியை மட்டும் நம்பி எந்தக் காருக்கு அடியிலும் படுக்காதீர்கள்), ட்ரெயின் நட்டைக் கழற்றினோம். நல்ல எண்ணெய் குங்குமக் கலரில் இருக்கும். வந்தது ஆறிப்போன டிகாக்‌ஷன். நாலு லிட்டர். மிச்சம் கன்வெர்ட்டருக்குள்ளேயே தங்கிவிடும், அது வராது.

இப்போது புதிய எண்ணெய் ஊற்ற வேண்டும். எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க டிப்ஸ்டிக்கைத் தேடினேன். இல்லை. தொலைந்து போகவில்லை, கம்பெனியே வைக்கவில்லை. பேனின் அடியில் ஒரு சின்ன நட்டு. அதைத் திறந்து வைத்துக்கொண்டு ஊற்ற வேண்டும், வழிய ஆரம்பித்தால் நிரம்பியது என்று அர்த்தம். காரோடு வந்த கையேட்டில் இந்த நட்டைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. டீலரிடம் போ என்பதைத்தான் நாலு விதமாகச் சொல்லியிருந்தார்கள். அதுவும் இங்கிலீஷில்.

ஊற்றினேன். மூன்று லிட்டரிலேயே வழிய ஆரம்பித்தது. மூடினேன்.

நான் பி.காம். வெளியே போனது நாலு, உள்ளே வந்தது மூன்று. பாக்கி ஒரு லிட்டர் எந்தக் கணக்கில் என்று முதல் வருஷ மாணவன் கூடக் கேட்டிருப்பான். நான் கேட்கவில்லை. திண்ணையில் உட்கார்ந்து கிராஃபோர்டின் அடுத்த அத்தியாயத்தைப் பெருமையோடு திறந்தேன்.

மறுநாள் காலை மாமியாரை ஏற்றிக்கொண்டு கிளம்பிய கார், ஊர் எல்லை தாண்டி ஒரு கிலோமீட்டரில் நின்றது. எஞ்சின் ஓடுகிறது, கார் போகவில்லை. வெயிலில் அந்த அம்மா புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்த காட்சியை என் மனைவி இன்றைக்கும் தேவைப்படும்போதெல்லாம் எடுத்துப் போடுகிறாள்.

*

பக்கத்து ஊரிலிருந்து ஒரு பாய் வந்தார். ஐம்பத்தைந்து வயசு இருக்கும். அம்பாசடர் காலத்து மெக்கானிக். என்ன செய்தோம் என்று கேட்டார். சொன்னேன்.

"எஞ்சினை ஆஃப் பண்ணிட்டு ஊத்துனீங்களா?"

"ஆமா."

"ஓடவிட்டுல்ல சார் ஊத்தணும்? ஓடும்போது பம்ப் இழுத்து மேல ரொப்பிக்கும். அப்பதான் கீழ எவ்வளவு நிக்குதுன்னு தெரியும். சூடும் கணக்கு. தொட்டா இளஞ்சூடா இருக்கணும்."

எஞ்சினை ஓடவிட்டு, கியர் லீவரை ஒவ்வொரு இடமாக நகர்த்தி, திரும்ப 'பி'-யில் வைத்து ஊற்றினார். ஒரு லிட்டருக்கு மேலேயே குடித்தது. பிறகு எங்கள் பழைய எண்ணெயை விரலில் தொட்டு முகர்ந்தார். பேனுக்குள் இருக்கிற காந்தத்தைப் பார்க்கக் கேட்டார். நாங்கள் பேனைக் கழற்றவே இல்லை. அவரே வீட்டில் வைத்துக் கழற்றினார். காந்தத்தில் சாம்பல் கலரில் பசை மாதிரி இருந்தால் சாதாரணத் தேய்மானம். எங்களுடையதில் அதோடு பேனின் அடியிலும் கறுப்பாகத் தூள் படிந்திருந்தது.

"பிளேட் கருகிருச்சு. கொஞ்ச நாள் ஓடும். ஆனா எறக்கித்தான் ஆகணும். நான் எறக்க மாட்டேன். பிரஷர் பாக்குற மீட்டர் எங்கிட்ட இல்ல. எந்த ஓட்டைக்கு எவ்வளவு பிரஷர்னு சொல்ற புக்கும் இல்ல."

இரண்டு மணி நேர வேலை. முந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டார்.

*

இப்போது கிராஃபோர்டுக்கு வருகிறேன்.

அவர் புத்தகத்தில் ஓரிடத்தில், உயர்ரக மெர்சிடிஸ் மாடல்கள் சிலவற்றில் டிப்ஸ்டிக்கே கிடையாது என்று எழுதுகிறார். அவர் சொல்வது எஞ்சின் ஆயில் பார்க்கிற குச்சியை. உன் வண்டியைப் பற்றி நீ தெரிந்துகொள்ள வேண்டாம், விளக்கு எரிந்தால் எங்களிடம் வா என்று இயந்திரம் நம்மை விலக்கி வைக்கிறது என்கிறார். அறந்தாங்கிப் பக்கம் மண்ணில் மல்லாக்கப் படுத்திருந்தவன் என்ற முறையில் இதை முழுசாக ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் அவரோடு எனக்கு இரண்டு வழக்கு உண்டு.

முதல் வழக்கு: கிராஃபோர்ட் பிஎச்.டி.யிலிருந்து ஸ்பேனருக்கு வந்தவர். விருப்பப்பட்டு வந்தவர். கடை நஷ்டமானால் திரும்பிப் போக ஒரு கதவு இருந்தது. எங்கள் பாய் பதினோரு வயசில் பட்டறைக்குப் போனவர். பள்ளிக்கூடம் கசந்து போகவில்லை, வீட்டில் சோறு இல்லை. அவரிடம் போய் "கை வேலையில்தான் ஆத்ம திருப்தி" என்று சொல்லிப் பாருங்கள். சிரிப்பார். தன் பையனைப் பட்டறைப் பக்கமே விடவில்லை. அவன் கோயம்புத்தூரில் அக்கவுன்ட்ஸ் வேலையில் இருக்கிறான். நான் ஓடிவந்த இடத்துக்கு அவனை அனுப்பியிருக்கிறார்!

நாம் ஆயுத பூஜையன்று ஸ்பேனருக்குச் சந்தனம் வைக்கிறோம். ஸ்பேனர் பிடிக்கிறவருக்கு வருஷத்தின் மற்ற நாட்களில் உட்கார நாற்காலி போடுவதில்லை. பாய் என் மச்சினன் வீட்டில் டீயை நின்றுகொண்டேதான் குடித்தார். இதைக் கவனித்தது நான் இல்லை, அந்த மாமியார்தான். நாற்காலி கொண்டு வந்து போட்டதும் அவர்தான்.

இரண்டாவது வழக்கு பில் சம்பந்தப்பட்டது. ஒரு பழைய ஹோண்டா மேக்னாவின் ஆயில் சீலைத் தோண்டிக்கொண்டே போய், ஆர்வக் கோளாறில் செலவான மணிகளையெல்லாம் வாடிக்கையாளர் தலையில் கட்டுவது நியாயமா என்று கிராஃபோர்ட் தவிக்கிறார். புத்தகத்தின் நேர்மையான பக்கங்கள் இவை. ஆனால் எங்கள் பாய்க்குத் தவிப்பு எதிர்த்திசையில். தோண்டவே அவருக்கு வழியில்லை. ஆர்வம் இருக்கிறது, மூக்கு இருக்கிறது, நாற்பது வருஷ விரல் இருக்கிறது. மீட்டரும் புக்கும் இல்லை. அறிவு உள்ளவன் வெளியே நிற்கிறான் என்பதைக் கிராஃபோர்ட் இயந்திரத்தின் குற்றமாகப் பார்க்கிறார். அது வியாபாரத்தின் குற்றமும்கூட.

இது என் கற்பனை இல்லை. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் பதினான்கு கார் கம்பெனிகளுக்குச் சேர்த்து 2,544 கோடி ரூபாய் அபராதம் போட்டது. உதிரி பாகங்களையும் பழுது கண்டுபிடிக்கும் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்காமல் வைத்திருந்தார்கள் என்பது குற்றச்சாட்டு. கம்பெனிகள் அப்பீலுக்குப் போயின. 2022-ல் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 'பழுது பார்க்கும் உரிமை'க்கு ஒரு குழு அமைத்தது. அந்த டிசம்பரில் அதற்கென ஒரு இணையதளமும் வந்தது. நல்ல காரியம். தமிழில் பிரஷர் அட்டவணை வந்தால் இன்னும் நல்ல காரியம்.

ராபர்ட் பிர்சிக் எழுதிய 'ஜென் அண்ட் தி ஆர்ட் ஆஃப் மோட்டார் சைக்கிள் மெயின்டனன்ஸ்' (1974) இந்த வகைப் புத்தகங்களுக்கெல்லாம் தாத்தா. அதில் கழற்ற வராத ஒரு ஸ்க்ரூ, ஞானத்துக்கு வழி திறக்கிறது. எனக்கும் திறந்தது, கொஞ்சம் செலவோடு. ஆனால் பிர்சிக்கின் ஸ்க்ரூ கண்ணுக்குத் தெரிகிற ஸ்க்ரூ. அந்த வண்டிக்குள் நடப்பதெல்லாம் அவருக்கு எட்டியது.

புதுக்கோட்டை ஜில்லாவில் இதற்கு நேர் எதிரான ஒரு கதை நடந்திருக்கிறது. 90-களின் ஆரம்பத்தில், ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது, அறிவொளி இயக்கத்தில் எழுத்துக் கூட்டக் கற்றுக்கொண்ட கிராமத்துப் பெண்கள் கூடவே சைக்கிளும் கற்றுக்கொண்டார்கள். கேலிக்கு நடுவே, ஆயிரக்கணக்கில். பி. சாய்நாத் 'எவ்ரிபடி லவ்ஸ் எ குட் ட்ராட்' (1996) புத்தகத்தில் இதை எழுதியிருக்கிறார். எழுத்தும் இயந்திரமும் ஒரே கையில் வந்தால் என்ன நடக்கும் என்பதற்கு ரிச்மண்ட் வரை போக வேண்டியதில்லை. அந்த சைக்கிளில் மூடி வைத்த பாகம் எதுவும் இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆகவே என் தீர்ப்பு: கிராஃபோர்டைப் படியுங்கள். படித்த சூட்டில் கார் அடியில் போகாதீர்கள். ஆட்டோமேட்டிக்கில் எண்ணெய் மாற்றுவது, பேனைக் கழற்றிப் பார்ப்பது வரை பொறுமைசாலிக்கு வீட்டிலேயே முடியும், எஞ்சின் ஓட வேண்டும் என்பது தெரிந்திருந்தால். அதற்கு மேல் அவர்கள் வேலை.

கார் திருச்சிக்குப் போய், கியர் பாக்ஸை இறக்கிப் பிளேட் மாற்றி வந்தது. 68,000 ரூபாய். மச்சினன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

பரிகாரமாக ஒரு காரியம் செய்தேன். அந்த மாடலின் ஒர்க்‌ஷாப் கையேட்டை எங்கெங்கோ கேட்டு வாங்கி, எண்ணெய் அளவும் பிரஷரும் இருக்கிற பக்கங்களைத் தமிழில் எழுதி பாயிடம் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு மெதுவாகப் படித்தார். முதல் வரியிலேயே நிறுத்தினார்.

"இது என்ன சார், 'விசை மாற்றுப் பெட்டி'?"

"கியர் பாக்ஸ், பாய்."

"அப்ப கியர் பாக்ஸ்னே எழுதுங்க சார்" என்று சொல்லி, காதிலிருந்த பேனாவை எடுத்து அடித்துத் திருத்தினார். பிறகு உட்கார்ந்து மிச்சத்தையும் படித்தார்.