கண்ணாடிச் சுவர்க் கிறுக்கல்கள்

சிகிரியா போயிருக்கிறீர்களா? இலங்கையில் தம்புள்ளைக்குப் பக்கத்தில், காட்டுக்கு நடுவே திடீரென்று எழும்பி நிற்கும் ஒற்றைப் பாறை. ஐந்தாம் நூற்றாண்டில் காசியப்பன் என்கிற ராஜா அதன் உச்சியில் அரண்மனை கட்டிக்கொண்டு இருந்தான். அப்பாவைக் கொன்றுவிட்டு ஆட்சிக்கு வந்தவன். அவன் கதை இருக்கட்டும். நமக்கு வேண்டியது, பாறைச் சரிவில் தீட்டிய அழகிகளின் ஓவியங்களும், கீழே நடைபாதையை ஒட்டிப் போகும் ஒரு சுவரும்.

சாந்து பூசி, முகம் பார்க்கிற அளவுக்கு மெருகேற்றிய சுவர். அதனால் 'கண்ணாடிச் சுவர்' என்று பேர். இப்படிப் பளபளவென்று ஒரு சுவர் கிடைத்தால் மனுஷன் சும்மா இருப்பானா? ராஜா போய்ச் சேர்ந்து இருநூறு, முந்நூறு வருஷம் கழித்து, மலையைப் பார்க்க வந்த ஜனங்கள் அதில் கீறிக் கீறி எழுத ஆரம்பித்தார்கள். எட்டாம் நூற்றாண்டிலிருந்து பத்தாம் நூற்றாண்டு வரை எழுதியவைதான் அதிகம். செனரத் பரணவிதான என்கிற தொல்லியல் அறிஞர் பொறுமையாக உட்கார்ந்து அவற்றில் 685 பாட்டுகளைப் படித்தெடுத்து, 1956-ல் இரண்டு வால்யூமாக வெளியிட்டார். பழைய சிங்களக் கவிதை எப்படி இருந்தது என்று தெரிய வேண்டுமானால் இன்றைக்கு இந்தக் கிறுக்கல்களைத்தான் பார்க்க வேண்டும்.

என்ன எழுதினார்கள்? பெரும்பாலும் மேலே இருக்கும் ஓவியப் பெண்களைப் பற்றித்தான். இத்தனை அழகாக இருக்கிறாள், ஒரு வார்த்தை பேச மாட்டேன் என்கிறாளே என்று ஏக்கம், கோபம். பெண்களும் எழுதியிருக்கிறார்கள். ஒருத்திக்கு ஓவியத்தின் மேல் அசல் பொறாமை. இன்னொரு மகானுபாவர், எல்லோரும் கவிதை எழுதிவிட்டதால் தான் எழுதவில்லை என்பதையும் எழுதிவிட்டு, மறக்காமல் பெயரும் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய இந்த ஆசாமியை எனக்கு ரொம்பப் பிடிக்கிறது.

685-ம் ரத்தினம் என்று சொல்ல மாட்டேன். வரிசையாகப் படித்தால் பெருமூச்சு அலுத்துப்போகும். ஒருவர் விட்டதையே அடுத்தவரும் விடுகிறார். நல்ல பாட்டுகள் எவை என்று பார்த்தால், எழுதியவர் தன்னைக் கொஞ்சம் மறந்து, படத்தை உற்றுப் பார்த்தவை. கையில் இருக்கும் முத்துச்சரம், கண் போகிற திசை என்று எதையாவது கவனித்துச் சொன்னவை. அவர்களும் பெயர், ஊர் எல்லாம் போட்டுக்கொண்டார்கள்தான். ஆனால், சுவரில் இடம் பிடித்ததற்கு வாடகையாக நாலு நல்ல வார்த்தை கொடுத்தார்கள்.

செஞ்சிக்கோட்டையில் பார்க்கிறோமே, அம்பு துளைத்த இதயமும் இரண்டு பெயர்களும், அதில் வாடகை பாக்கி. 'நான் வந்தேன்' என்பதைத் தவிர அதில் வேறு செய்தி கிடையாது. கீழடியிலும் பானை ஓடுகளில் 'ஆதன்', 'குவிரன் ஆதன்' என்று வெறும் பெயர்தானே கிடைத்தது என்று நீங்கள் கேட்கலாம். பானையில் பெயர் எழுதினால் ஊருக்கு நஷ்டமில்லை. கோட்டை எல்லோருக்கும் சொந்தம்.

இப்போது சிக்கலான விஷயத்துக்கு வருகிறேன். 2015-ல் அதே கண்ணாடிச் சுவரில், சுற்றுலா வந்த ஒரு தமிழ் இளம்பெண் தன் பெயரைக் கீறினாள். கோர்ட்டு இரண்டு வருஷம் ஜெயில் என்றது. அப்புறம் ஜனாதிபதி மன்னிப்பு கொடுத்து வெளியே விட்டார்கள். எழுதியவர்களால் பேர் வாங்கிய சுவரில் எழுதியதற்கு ஜெயில்!

சட்டம் அநியாயம் என்று ஒரேயடியாகச் சொல்லிவிட முடியாது. 1967-ல் யாரோ புண்ணியவான்கள் அந்த ஓவியங்கள் மேல் பச்சை பெயின்ட்டை அடித்து நாசம் பண்ணினார்கள். வருகிற கூட்டத்தில் ஆளுக்கு ஒரு கீறல் என்று அனுமதித்தால், அந்த 685 பாட்டும் கொஞ்ச வருஷத்தில் காலி. ஆனால் ஓவியத்தை அழிக்க வந்தவனும், நானும் இருக்கிறேன் என்று பெயர் எழுதினவளும் ஒன்றில்லை. அபராதம் போட்டு, புத்தி சொல்லி அனுப்பியிருக்கலாம். இரண்டு வருஷம் ரொம்ப ஜாஸ்தி.

இதில் ஆள் பார்க்கிற வழக்கம் வேறு இருக்கிறது. கிரேக்க நாட்டில் சூனியன் என்ற இடத்தில் கடலோரமாக ஒரு பழைய கோயில். அதன் தூணில் 'பைரன்' என்று செதுக்கியிருக்கிறது. கவிஞர் தன் கையாலேயே செதுக்கினார் என்கிறார்கள். டூரிஸ்ட்டுகள் அதைத் தேடிப் போய் போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். அதுவும் வெறும் பெயர்தான். வாடகை பாக்கிதான். பைரன் என்பதால் யாரும் கேட்கவில்லை.

எழுதும் ஆசை தப்பில்லை. நானே வாராவாரம் அதைத்தான் செய்கிறேன், பத்திரிகைக்காரர்கள் இடம் கொடுக்கிறார்கள். அடுத்த தடவை கோட்டைக்கோ குகைக்கோ போகும்போது கை துறுதுறுத்தால், எதிரே இருப்பதை நன்றாகப் பார்த்துவிட்டு ஒரு காகிதத்தில் நாலு வரி எழுதிப் பாருங்கள். தேறினால் எனக்கு அனுப்புங்கள். அடியில் பெயரும் ஊரும் போட மறக்காதீர்கள்.